ஆட்டுக்கு ஒன்றுதான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் சூப்பர் மார்க்கெட்டின் கறிப் பிரிவில், கையில் முப்பத்தேழாம் நம்பர் டோக்கனோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தைக் கறிக்கடை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வாடை கிடையாது. ஈ கிடையாது. தரை துடைக்கிற மருந்தின் எலுமிச்சை வாசனைதான் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் கறி தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். குல்லாயும் கையுறையும் போட்ட இளைஞர்கள், "எந்த சைஸ்ல வெட்டட்டும் சார், கறி கட்டா, பிரியாணி கட்டா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். அந்த ஆட்டுக்கு ரத்தம் என்று ஒன்று ஓடியதற்கான அடையாளமே அங்கே இருக்காது. பதினைந்து வருடமாக எனக்கு அதுதான் கடை.

என் நம்பர் வர இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அப்போது வீட்டிலிருந்து கலா கூப்பிட்டாள். கலா என் மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"கறி வாங்குற எடத்துலதான்."

"மாடிப் பொண்ணுக்கு ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்காம். நேத்து டாக்டர் திட்டி அனுப்பியிருக்காங்க. ஒக்காந்து அழுவுது பாவம். ஒரு சுவரொட்டி கெடச்சா வாங்கிட்டு வாங்களேன்."

மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு அஞ்சாம் மாதம். புருஷன் சிங்கப்பூரில். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறது. கலா அதற்கு ரசம் கொடுத்துவிடுவது, துணி எடுத்து வைப்பது என்று ஏதாவது செய்துகொண்டேதான் இருப்பாள். அதெல்லாம் சரி. ஆனால் 'சுவரொட்டி' என்ற சொல் கலாவின் வாயிலிருந்து வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் இரண்டு பேருமே ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. நான் சரி என்று சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டேன். கை சில்லிட்டுப் போயிருந்தது. ஏசி காரணமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எதற்கும் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிற ஆள் நான். போகப்போக உங்களுக்கே தெரியும்.

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். கருஞ்சிவப்பாக, தட்டையாக, நாக்கு மாதிரி இருக்கும். சுவரில் எறிந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். நான் எறிந்து பார்த்ததில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் ஊற வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். தணலில் சுட்டோ, தோசைக்கல்லில் வாட்டியோ உப்பும் மிளகும் தூவிக் கொடுப்பார்கள். ஈரலைப் போலக் கிலோக் கணக்கில் வாங்க முடியாது. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும்.

முப்பத்தேழு வந்தது. கேட்டேன். அந்த இளைஞர் கையுறையைச் சரிசெய்துகொண்டே யோசித்தார். பிறகு உள்ளே திரும்பி இன்னொருவரிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"அது நமக்கு வராது சார். கம்பெனியிலேயே எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க. ஈரல் இருக்கு, பேக்கிங்ல. எவ்வளவு போடட்டும்?"

எவ்வளவு. இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் பதினைந்து வருடத்துக்கு முன்னால் இங்கே ஓடி வந்தேன்.

சவரிமுத்து அண்ணன் கடையில் அந்தக் கேள்வியே கிடையாது. புது ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவர் கடை இருந்தது. கல்லணைக் கால்வாய்க்கு எங்கள் ஊரில் புது ஆறு என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது, இன்னும் புதுசாகவே இருக்கிறது. கரையோரம் தகரம் போட்ட ஒரு சார்ப்பு. முன்னால் ஒரு புளியங்கட்டை, நடுவில் வெட்டி வெட்டிக் குழிந்தது. அதற்குப் பின்னால் முழங்கை வரை ரோமமும் கழுத்தில் ஒரு மாதா டாலருமாக அவர். நாம் போய் நின்றால் நிமிர்ந்து பார்க்காமலேயே, "யாருக்கு?" என்பார்.

யாருக்கு என்று சொன்னால் போதும். எந்தக் கறி, எத்தனை, எலும்போடா, இல்லாமலா என்பதெல்லாம் அவர் முடிவு. இருமல்காரருக்கு நெஞ்செலும்பு. எலும்பு முறிந்து கிடப்பவருக்குக் கால். பல் போன மாமனார் வந்திருந்தால் மூளையும் இளங்கறியும். தொடையைக் காட்டி, "அதுல போடுங்க" என்று ஒருவர் கேட்டுவிட்டால் கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, "நீங்களே வந்து வெட்டிக்கிறீங்களா?" என்பார். அப்படி ஒரு முன்கோபம். அந்தக் கோபத்தையும் வாங்கிக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் ஆற்றங்கரை வரை நிற்கும்.

அவரிடம் எதையும் மறைக்க முடியாது. நான் வேலை பார்த்த தாலுகா ஆபீஸில் ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். டாக்டர் சொன்னதால் கறியை அடியோடு விட்டுவிட்டதாக ஆபீஸ் முழுக்கச் சொல்லி, எங்களுக்கெல்லாம் கீரையின் மகிமையை எடுத்துச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து வரிசையின் கடைசியில் நிற்பார். சவரிமுத்து அண்ணன் தலையைத் தூக்காமல், "ஹெல்மெட்டுக்கு முக்கா கிலோ" என்று குரல் கொடுப்பார். திங்கட்கிழமை ஆபீஸில் எங்கள் யாருக்கும் சிரிப்பை அடக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போக முடியவில்லையே என்பது அவருக்கு இருந்த ஒரே குறை. அதற்குப் பரிகாரமாக வருடா வருடம் ஆவணியில் கடையைப் பத்து நாள் மூடிவிட்டு, காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே போவார். தவக்காலம் நாற்பது நாளும் கறியைத் தொட்டு வெட்டுவாரே தவிர, வாயில் வைக்க மாட்டார். "வியாபாரம் வேற, வாய் வேற" என்பார்.

எனக்கும் கலாவுக்கும் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. அந்த ஏழு வருடத்தில் சொந்தக்காரர்கள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆபீஸில் எனக்கு வாரிசுச் சான்றிதழ் செக்ஷன். ஊரில் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்து எழுதித் தாசில்தார் மேசைக்கு அனுப்புவதுதான் என் பிழைப்பு. ஒரு நாள் கலா குமட்டிக்கொண்டு வந்தாள். பரிசோதித்துப் பார்த்து உறுதியானதும் நாங்கள் இரண்டு பேரும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். கண் பட்டுவிடும் என்று பயம். என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான அரைக் கிலோவுக்குப் பதில், "எனக்கு மட்டுந்தான், கால் கிலோ போதும்" என்றேன். கறி வாடையே கலாவுக்கு ஆகவில்லை. சவரிமுத்து அண்ணன் அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன், வீட்ல ஊருக்குப் போயிட்டாங்களா?"

"இல்லண்ணே. இருக்காங்க."

"ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்லயே."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "எத்தன மாசம் தம்பி?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். எனக்கு அழுகையும் வந்தது. பின்னால் நின்றவருக்குக் கேட்காதபடி மூன்று விரலைக் காட்டினேன். என் குழந்தையைப் பற்றி உலகத்தில் முதன்முதலாகத் தெரிந்துகொண்ட மூன்றாம் மனிதர் ஒரு கறிக்கடைக்காரர்.

அடுத்த வாரத்திலிருந்து என் பங்குக் கறியோடு தனியாக ஒரு தேக்கிலைப் பொட்டலம் வந்தது. மற்றதெல்லாம் கறுப்புப் பாலிதீன் பையில் போகும். சுவரொட்டி மட்டும் தேக்கிலையில்தான் வரும். "கவர்ல போட்டா வேர்த்துப் போயிடும்" என்பார். ஆற்றங்கரைத் தேக்கு மரங்களின் இலை. பிரிக்கும்போது இலையின் சாயம் விரலில் ஒட்டும். கலா மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டாள். முதல் வாரம் வாந்தி எடுத்தாள். மூன்றாவது வாரம் அவளாகவே, "இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானே?" என்று கேட்டாள்.

மே மாதம் ஜமாபந்தி. ரெவின்யூவில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் பெற்ற தாய் செத்தாலும் லீவு கேட்கப் பயப்படுவோம். வருடாந்தரத் தணிக்கைக்காகக் கிராமக் கணக்குகள் எல்லாம் மேசையில் வந்து குவிந்திருக்கும். போனைச் சத்தம் வராமல் செய்து டிராயரில் போட்டிருந்தேன். மூன்று மணிக்கு எடுத்துப் பார்த்தபோது கலாவிடமிருந்து பதினோரு முறை அழைப்பு வந்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எதிர்வீட்டு அம்மாதான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அஞ்சு மாதம். பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார். ஏன் போனை எடுக்கவில்லை என்று கலா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விஷயம் தெரிந்து வந்திருந்த என் மாமியார், "ஒடம்பு தேறணும், எலும்பு வாங்கிட்டு வாங்க, சூப்பு வச்சுத் தரேன்" என்று அனுப்பினார். போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கடையில் இருபது பேர். என் முறை வந்ததும் அவர் "யாருக்கு" என்று கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே கறுப்புப் பையைக் கொடுத்தார். அதன்மேல் தேக்கிலைப் பொட்டலத்தை வைத்தார்.

"இந்த வாரம் நல்லாப் பெருசு தம்பி. அஞ்சு முடிஞ்சுடுச்சுல்ல?"

"ஆமாண்ணே" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. கூட்டத்தில் எப்படிச் சொல்வது, அடுத்த வாரம் சீக்கிரமாக வந்து தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் சீக்கிரமாகவே போனேன். கடையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அன்றைக்கும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்களிடம் உண்மையைச் சொல்வதற்கென்ன. கூட்டம் காரணமே இல்லை. வீட்டில் தொட்டில் பேச்சு நின்றுவிட்டது. அம்மாவிடம் சொல்லாததால் அங்கே சொல்லவும் ஒன்றுமில்லை. ஊரில் அந்த ஒரு கறிக்கடையில் மட்டும்தான் என் குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே அதற்கு ஆறு மாதம் ஆயிற்று. ஏழு ஆயிற்று. "இப்ப ஒதைக்குதா?" என்று அவர் கேட்டார். "நல்லா ஒதைக்குதுண்ணே" என்று சொன்னேன். வாரத்தில் ஒரு பத்து நிமிடம் நான் அப்பாவாக நின்றேன். வெட்கக்கேடுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காக மற்ற ஆறு நாளையும் தள்ளினேன்.

பொட்டலத்தை வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? பாலத்தைத் தாண்டிக் கரையில் வண்டியை நிறுத்தி, அங்கே சுற்றும் ஒரு செவலை நாய்க்குப் போட்டுவிடுவேன். இலையை ஆற்றில் விடுவேன். முதலில் ஆறு காய்ந்து கிடந்தது. ஜூனில் தண்ணீர் வந்தது, இலை மிதந்து போயிற்று. நாலாவது வாரத்திலிருந்து அந்த நாய் எனக்காகப் பாலத்திலேயே காத்திருக்க ஆரம்பித்தது. நாய்க்குக்கூட ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும் நின்றார்கள். நடவு வேலைக்குப் போகிறவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேர் கால் விரல்களிலும் சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் பூசியிருந்தது. மகளுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. முகம் வெளுத்து, உதடு சுண்ணாம்பாக இருந்தது.

"யாருக்கு?" என்றார் சவரிமுத்து அண்ணன்.

"இதுக்குத்தாண்ணே. ஒடம்புல ரத்தமே இல்லங்கறாங்க. பஸ் ஏறி வந்திருக்கோம். அந்தச் சுவரொட்டி இருந்தாக் குடுங்க."

அன்றைக்கு ஒரே ஓர் ஆடு. அவர் கட்டையின் ஓரத்தில் இருந்த தேக்கிலைப் பொட்டலத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது இவங்க வீட்டுக்கும்மா. ஏழு வருசம் கழிச்சு உண்டாயிருக்காங்க. ஏழாம் மாசம். ஈரல் தரேன், அடுத்த வாரம் வா, ஒனக்கு ஏதாவது பாக்கறேன்."

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மகள்தான் என் பக்கம் திரும்பி, "பரவால்லண்ணே, அக்காவுக்கே குடுங்க. எனக்கும் ஏழுதான். ஒரே மாசத்துல பொறக்கும்போல" என்று சொல்லிச் சிரித்தது.

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். 'அதுக்கே குடுத்துடுங்கண்ணே' என்று சொன்னால்கூடப் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏன் என்று அவர் கேட்பாரே. கேட்டால் என் பத்து நிமிடம் போய்விடுமே. நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். அவர்கள் ஈரலை வாங்கிக்கொண்டு நடந்தார்கள். பாலத்தின்மேல் வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஒரத்தநாட்டு பஸ் அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தது. துரத்தியிருக்கலாம். துரத்தவில்லை. கையில் பொட்டலத்தோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பாலத்துக்குத் திரும்பி வந்து நாய்க்கே போட்டேன்.

அடுத்த வாரம் விடிந்ததும் போய்க் கடை திறக்கும் முன்பே நின்றேன், அவர்கள் வந்தால் கொடுத்துவிடலாம் என்று. பத்து மணி வரை நின்றேன். வரவில்லை. "அந்தப் புள்ள வரல, நீங்க எடுத்துட்டுப் போங்க" என்று சவரிமுத்து அண்ணன் பொட்டலத்தை என் கையில் வைத்தார். அந்தப் பெண் என்ன ஆயிற்று, எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

ஆவணி பிறந்தது. நடைப்பயணத்துக்குக் கடையை மூடுவதற்கு முந்தின வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த வருசம் எனக்குன்னு எதுவும் கேக்கப்போறதில்ல தம்பி. ஒங்க வீட்டுக்காகத்தான் நடக்கறேன். தாயும் புள்ளையும் வேற வேறயா நல்லபடியா எந்திரிக்கணும்."

வேளாங்கண்ணிக்கு நாலு நாள் நடை. அதற்கு முன்னால் எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. "போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் திரும்பி வந்து கடை திறந்த அன்று, காலை எட்டு மணி இருக்கும். நான் ஆபீஸுக்குக் கிளம்ப, பின்கட்டில் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"தம்பி இருக்காங்களாம்மா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. தெருப் பெயரைத்தான் என்றைக்கோ சொல்லியிருந்தேன். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். கலா கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"நான் பாலத்துக் கறிக்கடைம்மா. கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். மாதா எண்ணெய், வயித்துல தடவிக்கங்க. ஒம்போதாம் மாசம், தம்பி அலைய வேண்டாமேன்னு இதையும் கையோட..."

பேச்சு அப்படியே நின்றது. கலாவைப் பார்த்திருப்பார். ஒல்லியாக, பருத்திப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கையில் விளக்குமாற்றோடு நின்றிருப்பாள்.

"மே மாசமே போயிடுச்சுண்ணே" என்றாள் கலா. சாதாரணமாகச் சொன்னாள்.

"தம்பி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. என் முகத்தில் சோப்பு காய்ந்து இழுத்தது. நான் வெளியே போகவில்லை. இருபதடி தூரம். போகவில்லை.

திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கிருந்த கோபத்துக்குத் தெருவே கூடுகிற மாதிரி திட்டியிருக்கலாம். காலெல்லாம் கொப்புளமாக நடந்துவிட்டு வந்த மனுஷன். திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னது வேறு.

"அந்தப் புள்ளைக்காவது குடுத்திருப்பேனேம்மா."

எந்தப் பிள்ளை என்று கலா கேட்கவில்லை. செருப்புச் சத்தம் நொண்டி நொண்டித் தெருவில் போயிற்று. கலா உள்ளே வந்தாள். கையில் தேக்கிலைப் பொட்டலத்தோடு என்னைக் கடந்து சமையலறைக்குப் போனாள். நான் பாதிச் சவரத்தை எப்படியோ முடித்துவிட்டு, சாப்பிடாமல் ஆபீஸுக்குப் போனேன். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. எங்களுக்குக் குழந்தையும் பிறக்கவில்லை.

அந்த வாரம்தான் ஊரில் சூப்பர் மார்க்கெட்டில் கறி போட ஆரம்பித்திருந்தார்கள். போய் நின்றேன். "எவ்வளவு சார்?" என்றார்கள். அரைக் கிலோ என்றேன். கொடுத்தார்கள். அப்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, ஜுரம் விட்ட மாதிரி இருந்தது. யாருக்கு என்று கேட்க ஆள் இல்லை. வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன, ஏன் அளவு குறைந்தது, ஒன்றும் கிடையாது. ஆபீஸில் கேட்டவர்களிடமெல்லாம் சுத்தம், எடை கரெக்ட், ஈ மொய்க்காது என்று பெரிய பிரசங்கமே செய்தேன். கீரை மகிமை பேசிய தலைமை எழுத்தரைவிட நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பாலத்துப் பக்கம் போகாமல் இருக்க, பதினைந்து வருடமாக ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறேன். பெட்ரோல் வீண்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து வெறும் கையோடு வெளியே வந்தேன். வேறு இரண்டு கறிக்கடைகளில் கேட்டேன். முதல் கடைக்காரர், "காலையிலயே ஓட்டலுக்குப் போயிடும் சார், மொத்தமா சொல்லி வச்சிருக்காங்க" என்றார். இரண்டாவது கடையிலும் அதேதான். உண்மைதான். பைபாஸ் ஓட்டல் பலகைகளில் சுவரொட்டி வறுவல் என்று எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்களாம். ஆட்டுக்கு ஒன்று இன்றைக்கும் இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம் வண்டி தானாகப் பாலத்துப் பக்கம் திரும்பிற்று. நான்தான் திருப்பினேன், வண்டியின் மேல் பழி போடுவானேன். தகரச் சார்ப்பு இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. வாசலில் அந்தப் புளியங்கட்டை மட்டும் அப்படியே கிடந்தது. அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"அவரு தவறி மூணு வருசம் ஆச்சு சார். மகன் திருப்பூர்ல. எடத்த எனக்கு விட்டுட்டாங்க. இந்தக் கட்டைய நாலு பேர் சேந்தும் தூக்க முடியல, கெடக்கட்டும்னு விட்டுட்டோம். நீங்க யாரு, சொந்தமா?"

"இல்ல. இங்க கறி வாங்குவேன்" என்றேன்.

பாலத்தில் நாய் எதுவும் இல்லை. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடச் சைக்கிளில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் டியூஷனுக்குப் போனார்கள். பதினாலு, பதினைந்து வயது இருக்கும். அந்த வயதுப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு இரண்டு கணக்கு ஓடும். ஒன்று என்னுடையது. இன்னொன்று, உதடு வெளுத்த அந்தப் பெண்ணுடையது. அது நல்லபடியாகப் பிறந்திருக்குமா என்று. எந்த மாதாவிடம் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் கலா, "கெடச்சுதா?" என்றாள்.

"இல்ல. எல்லாம் ஓட்டலுக்குப் போயிடுதாம். பாலத்து வரைக்கும் போயிட்டு வந்தேன்."

பாலம் என்றதும் அவள் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தினாள். மாடிப் பெண்ணுக்காகத்தான் உருவிக்கொண்டிருந்தாள்.

"அவர் இருக்காரா?"

"இல்லையாம். மூணு வருசம் ஆச்சாம்."

மறுபடியும் கீரையை உருவ ஆரம்பித்தாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு அவர் கொண்டாந்தத நான் சாப்புட்டேன்."

நான் நிமிர்ந்தேன். குப்பையில் போட்டிருப்பாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"நீங்க ஆபீஸ் போனதும் கல்லுல போட்டு வாட்டி, மெளகு தூவி, ஒரு துண்டு விடாமச் சாப்புட்டேன். நமக்காக நடந்துட்டு வந்த மனுசன். வேண்டியிருந்த ஒரு புள்ளைக்கு இல்லன்னு சொல்லிட்டு எடுத்து வச்சிருக்காரு. எப்படிங்க தூக்கிப் போடறது?"

நான் நாய்க்குப் போட்டதை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு பொட்டலம். நாயைப் பற்றி அவளிடம் அன்றைக்கும் நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கீரைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மேலே அந்தப் பெண்ணிடம், "எத்தன மாத்தர போட்ட, காட்டு" என்று அதட்டுகிற குரல் கேட்டது.

நாளைக்கு மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. டோக்கன் எடுத்துக்கொண்டு நிற்பேன். இந்த வாரம் மாடிப் பெண்ணுக்கும் சேர்த்து ஈரல் வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள் கலா. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று சொல்லி வாங்க எனக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு ஆள் வந்திருக்கிறது. ஆனால் அங்கே என்னை எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். யாருக்கு என்று கேட்கிறவரை நான்தான் வாசலிலேயே நிற்க வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.